ரிப்போர்ட்டில் ஆறு மடங்கு, கல்லாவில் நட்டம்: பவானி ஜமக்காளக் கடை ஒன்றின் விளம்பரக் கணக்கு

பவானியில் தலைமுறை தலைமுறையாக ஜமக்காளம் நெய்யும் குடும்பம் அது. வீட்டுக்காரர் தறியையும் சாயத்தையும் பார்த்துக்கொள்கிறார். இணையக் கடை அவர் மனைவியின் பொறுப்பு; அவரை அக்கா என்றுதான் இங்கே சொல்கிறேன். போட்டோ எடுப்பது, விலை போடுவது, வாட்சாப்பில் பதில் சொல்வது, பார்சல் கட்டி கூரியருக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு விளம்பர ஏஜென்சியிடம் வேலையை ஒப்படைத்தார். மாதம் முடிந்ததும் எட்டுப் பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. முதல் பக்கத்திலேயே பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு வரி: ரோவாஸ் 6. விளம்பரத்துக்குப் போட்ட காசைப் போல ஆறு மடங்குக்கு விற்றது என்று அர்த்தம்.

சின்னக் கடைகளின் விளம்பரக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அந்த பிடிஎஃப்பை எனக்கு அனுப்பிவிட்டு அக்கா கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க தம்பி, போட்ட காசுக்கு ஆறு மடங்குன்னு இதுல போட்டிருக்குது. அப்பறம் நூல்காரருக்குக் குடுக்க ஏனுங்க பணம் பத்தல?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்த ஆய்வு. அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கடை அடையாளம் தெரியக் கூடாது என்பதால் தொகைகளை மாற்றி, மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கத் தோதாக முழு எண்களாக்கியிருக்கிறேன். எந்த எண் எதை மறைத்தது என்பது மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

ரிப்போர்ட் சொன்னது

விளம்பரச் செலவு 60,000 ரூபாய். அதில் 40,000 முகநூல், இன்ஸ்டாகிராமுக்கு; 20,000 கூகுள் தேடலுக்கு. ஏஜென்சியின் கட்டணம் தனியாக 12,000. கூகுளும், முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவும் விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போடுவார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியிருப்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

இந்தச் செலவுக்கு என்ன கிடைத்தது என்று ரிப்போர்ட் வரிசையாக அடுக்கியிருந்தது. 8,40,000 இம்ப்ரெஷன், அதாவது அத்தனை தடவை விளம்பரம் திரையில் வந்தது. 26,000 கிளிக். சிடிஆர் 3 சதவீதத்துக்கு மேல். சிபிசி 2 ரூபாய் 30 காசு. 1,20,000 வீடியோ வியூ. 180 கன்வெர்ஷன், அதாவது விளம்பரத்தால் வந்ததாகத் தளங்கள் எண்ணிய ஆர்டர். சிபிஏ 333 ரூபாய். கடைசியாக அந்த ரோவாஸ்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பொய் எண் எதுவும் இல்லை. எல்லாமே விளம்பரத் தளத்தின் திரையில் இருந்த எண்கள்தான். எந்த எண்ணை எடுத்துக் காட்டுவது, எதை எதால் வகுப்பது என்பதில்தான் விஷயம் இருந்தது. இந்தச் சொற்கள் பெரும்பாலும் ஒரு வகுத்தல் கணக்குதான். கிளிக்கை இம்ப்ரெஷனால் வகுத்தால் சிடிஆர், செலவைக் கிளிக்கால் வகுத்தால் சிபிசி. ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு ஆன செலவு சிபிஎம். ஒரு ஆர்டர் பிடிக்க ஆன செலவு சிபிஏ. ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு எத்தனை ரூபாய்க்கு விற்றது என்பது ரோவாஸ். மேலே இருக்கும் எண்ணையும் கீழே இருக்கும் எண்ணையும் யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று கேட்டால் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும்.

கீழிருந்து மேலே

அதனால் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அக்காவின் ஆர்டர் நோட்டை எடுத்தோம். நீளமான கணக்கு நோட்டு. பெயர், ஊர், சைஸ், நிறம், பணம் வந்ததா இல்லையா என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது.

அந்த மாதம் இணையக் கடைக்கு வந்த ஆர்டர் மொத்தமே 120. ரிப்போர்ட்டில் 180 கன்வெர்ஷன். வந்ததே 120 எனும்போது விளம்பரத்தால் மட்டும் 180 எப்படி வரும்? இதைப் பிறகு பார்ப்போம்.

120இல் 80 ஆர்டர் கேஷ் ஆன் டெலிவரி. அதில் 20 பார்சல் வீட்டில் ஆளில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று திரும்பி வந்துவிட்டது. போகவும் வரவும் கூரியர் செலவு பார்சலுக்கு 200 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். ஆக, காசாக மாறியது 100 ஆர்டர். சராசரி விலை 2,000 என்றால் 2,00,000 ரூபாய் விற்பனை. விளம்பரத் தளங்கள் எண்ணுவது ஆர்டர் போட்ட நிமிடத்தைத்தான். பார்சல் திரும்பி வந்தது அவற்றுக்குத் தானாகத் தெரியாது. விளம்பரச் செலவால் வகுத்தால் ரோவாஸ் 6 இல்லை, 3.33.

அதுவும் நல்ல எண் மாதிரிதான் தெரியும். ஆனால் ரோவாஸ் விற்பனையைச் சொல்லும், மிச்சத்தைச் சொல்லாது. 2,000 ரூபாய் ஜமக்காளத்தில் நூல், சாயம், கூலி, பேக்கிங், கூரியர் எல்லாம் போக அக்காவுக்கு நிற்பது 700 ரூபாய், அதாவது 35 சதவீதம். 1ஐ 0.35ஆல் வகுத்தால் 2.86. விளம்பரச் செலவு மட்டும் கட்டுப்படியாகவே ரோவாஸ் 2.86 வேண்டும். 3 வந்தால் நல்லது, 4 வந்தால் பிரமாதம் என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. 60 சதவீதம் நிற்கிற சரக்குக்கு 2 போதும். 20 சதவீதம் நிற்கிற சரக்குக்கு 5 வந்தால்தான் அசலாவது தேறும். கைத்தறிச் சரக்கில் கூலிதான் பெரிய செலவு, அதைக் குறைக்கவும் கூடாது. தறிக்காரர்கள் ரோவாஸைப் பற்றி யோசிக்கும்போது இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

100 ஆர்டருக்கு 700 வீதம் 70,000 ரூபாய் மிச்சம். அதில் விளம்பரம் 60,000, ஏஜென்சி 12,000, திரும்பி வந்த பார்சல் 4,000. கணக்கு முடிந்தது: 6,000 ரூபாய் நட்டம். சிபிஏவை உள்ளபடி போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். விளம்பரமும் ஏஜென்சியும் சேர்ந்த 72,000த்தை 100ஆல் வகுத்தால் 720. ஒவ்வொரு 700 ரூபாய் மிச்சத்தையும் அக்கா 720 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

ஒரே ஆர்டருக்கு இரண்டு தளம் உரிமை கொண்டாடுவது

180க்கு வருவோம். முகநூல் பக்கம் 110, கூகுள் பக்கம் 70. ஏஜென்சி இரண்டையும் கூட்டிவிட்டது.

திருச்சியில் ஒருவர் இன்ஸ்டாகிராமில் ஜமக்காள விளம்பரத்தைப் பார்த்துக் கிளிக் செய்கிறார், வாங்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கடையின் பெயரைக் கூகுளில் தேடுகிறார். மேலே வருகிற விளம்பரத்தைத் தட்டி உள்ளே போய் வாங்குகிறார். விற்றது ஒரு ஜமக்காளம். மெட்டா தன் வழக்கமான அமைப்பில், கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினாலும் தன்னால் வந்த ஆர்டர் என்று எழுதிக்கொள்ளும். கூகுள் விளம்பரத்தில் கிளிக்குக்கு வழக்கமான கெடு 30 நாள். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஒரே ஆர்டர் இரண்டு ஏட்டிலும் ஏறிவிடும். இதற்கு அட்ரிபியூஷன் என்று பெயர். யாரால் வந்தது என்று பேர் எழுதுகிற வேலை. இரண்டு தளத்தின் கன்வெர்ஷனையும் கூட்டி ஒரு ரிப்போர்ட் வந்தால், அந்தக் கூட்டுத்தொகையைக் கடையின் மொத்த ஆர்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூகுளின் 70ஐத் தனியாகப் பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அதில் 50 பேர் கடையின் பெயரையே தட்டச்சு செய்து வந்தவர்கள். கடை பெயர் தெரிந்து தேடுகிறவருக்கு, விளம்பரம் இல்லாவிட்டாலும் ஆர்கானிக் முடிவில், அதாவது காசு கொடுக்காமல் வரும் தேடல் முடிவில், அக்காவின் கடைதான் முதலில் வருகிறது. நம் பெயரை வைத்துப் போட்டிக்காரர் யாரும் விளம்பரம் போடாதபோது நம் பெயருக்கு நாமே காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. ஏஜென்சிகளுக்கு இது பிடிப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கிளிக்குகள் மலிவு, வருகிறவர் வாங்கவும் செய்வார், மொத்த ரோவாஸ் அழகாக ஏறும்.

வழியில் தொலைந்த 3,200 கிளிக்

முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ரிப்போர்ட் காட்டிய கிளிக் 24,000. விளம்பரக் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் அது எல்லா வகைக் கிளிக்கும் சேர்ந்தது. லைக் போட்டது, படத்தைப் பெரிதாக்கியது, 'மேலும் பார்க்க' தட்டியது, கடைப் பெயரைத் தொட்டது எல்லாம் அதில் அடக்கம். கடைக்கு வரும் இணைப்பைத் தட்டியது 8,000 மட்டும். இந்த இரண்டில் மட்டும் வந்த 8,00,000 இம்ப்ரெஷனுக்கு 8,000 என்றால் உண்மையான சிடிஆர் 3 இல்லை, 1 சதவீதம். சிபிசி 5 ரூபாய். (1994இல் ஹாட்வயர்ட் தளத்தில் வந்த ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனரைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு 1 சதவீதம் என்பது குறை சொல்ல முடியாத எண்.)

அந்த 8,000 பேரில் கடையின் பக்கம் முழுதாகத் திறந்தது 4,800 பேருக்குத்தான். மெட்டாவில் லேண்டிங் பேஜ் வியூ என்று தனியாக ஒரு எண் உண்டு. தட்டியவருக்குப் பக்கம் உண்மையிலேயே திறந்ததா என்பதை அது சொல்லும். ரிப்போர்ட்டில் அது இல்லவே இல்லை. 3,200 பேர் தட்டினார்கள், சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். ஆளுக்கு 5 ரூபாய் வீதம் 16,000 ரூபாய். மொத்த நட்டமே 6,000தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அக்கா ஜமக்காளத்தை வாசலில் வெயிலில் விரித்து, நிறப் பட்டைகள் பளிச்சென்று தெரிகிற மாதிரி அருமையாகப் படம் எடுத்திருக்கிறார். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றும் பல எம்பி. முதல் பக்கத்திலேயே நாற்பது படம். கடையில் வைஃபையில் பார்த்தால் உடனே வந்தது. நானும் அக்காவும் பவானி பஸ் ஸ்டாண்டில் நின்று மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்தோம். சிவப்புப் பட்டை ஒன்று மெல்ல மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தது. படங்களைச் சுருக்கி, முதல் பக்கத்தில் எட்டு மட்டும் வைத்தோம். இந்த மாற்றத்துக்குச் செலவே இல்லை.

பக்கம் மெதுவாகத் திறந்தால் இன்னொரு வழியிலும் காசு போகும். தேடல் விளம்பரத்தில் யார் மேலே வருவது என்பதை ஏலம் தீர்மானிக்கிறது. ஆனால் அது ஈரோட்டு மஞ்சள் ஏலம் போல இல்லை. அங்கே அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு. கூகுள், கேட்ட விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது: தேடியதற்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் உண்டா, கிளிக் வருமா, போய்ச் சேரும் பக்கம் நன்றாக இருக்கிறதா என்று. தரம் குறைந்தால் அதே இடத்துக்கு அதிக விலை கொடுக்க வேண்டும். கிளிக்குக்குக் காசு என்ற முறையை 1998இல் கோடூ நிறுவனம் ஏலமாகக் கொண்டுவந்தது. 2000இல் ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு என்று தொடங்கிய கூகுள் ஆட்வேர்ட்ஸ், 2002இல் கிளிக் ஏலத்துக்கு மாறியபோது இந்தப் பொருத்தத்தையும் கணக்கில் சேர்த்தது.

கூடுதுறைக்கு வந்த கூட்டம்

கீவேர்டு என்பது நாம் ஏலம் கேட்கிற சொல். ஆனால் ஆட்கள் தட்டச்சு செய்தது அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. ஏஜென்சி 'பவானி ஜமக்காளம்' என்பதை பிராட் மேட்ச்சில், அதாவது தொடர்புள்ளதாகக் கூகுளுக்குத் தோன்றும் தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டுகிற முறையில், போட்டிருந்தது. உண்மையில் எதைத் தேடியவர்கள் வந்தார்கள் என்பதற்குக் கூகுள் கணக்கில் தேடல் சொற்கள் என்றொரு பட்டியல் உண்டு. இந்த ஆய்வில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தப் பட்டியல்தான்.

பவானி கூடுதுறை கோவில் நடை திறக்கும் நேரம். பவானி ஈரோடு பஸ். கூடுதுறை பரிகாரம் செலவு எவ்வளவு. காருக்குத் தரை விரிப்பு. கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாடகை. பவானியில் வேலை. சங்கமேஸ்வரரைக் கும்பிட வருகிறவர்கள் அக்காவின் கடை விளம்பரத்தைத் தட்டிவிட்டு, கோவில் நேரம் இல்லையே என்று திரும்பியிருக்கிறார்கள். 2,000 கிளிக்கில் கிட்டத்தட்ட 900 இப்படி. கிளிக்குக்கு 10 ரூபாய் என்றால் 9,000 ரூபாய்.

இதைத் தடுப்பது நெகட்டிவ் கீவேர்டு: இந்தச் சொல் வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்வது. கோவில், பரிகாரம், நடை, பஸ், வாடகை, வேலை, கார் என்று சேர்த்தோம். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் நம்மாட்கள் அடிக்கிற மாதிரி ஒருமுறை. நெகட்டிவ் கீவேர்டில் ஒரே பொருள் தரும் வேறு சொற்களைக் கூகுள் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. 'கோவில்' என்று கொடுத்தால் 'சாமி கும்பிட' என்பது தப்பித்து வரும். அதனால் வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். ஏஜென்சி வைத்திருந்தாலும் கடைக்காரரே உட்கார்ந்து பார்க்க வேண்டிய பக்கம் அது என்பேன். 'ஜமுக்காளம்' என்று எழுதித் தேடுகிறவரும் வாங்க வருகிறவர்தான் என்பது வெளியூர் ஏஜென்சிக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியும்.

'கார்ப்பெட்' என்ற சொல்லை முழுவதுமாக எடுத்துவிட்டோம். அந்தச் சொல்லைத் தேடினால் விசைத்தறிச் சரக்கும் மெஷின் கார்ப்பெட்டும் கால் விலைக்குப் பக்கத்திலேயே வரும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற குழித்தறிச் சரக்கை அந்த வரிசையில் நிறுத்தினால் விலை ஒன்றுதான் கண்ணில் படும்.

எத்தனை பேர், எத்தனை தடவை

8,00,000 இம்ப்ரெஷன் என்றதும் எட்டு லட்சம் பேர் பார்த்ததாக அக்கா நினைத்திருந்தார். ஆள் கணக்கு ரீச், அது 2,00,000. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஃப்ரீக்வன்சி 4, ஆளுக்குச் சராசரி நான்கு தடவை. சிலர் ஒருமுறை பார்த்திருப்பார்கள், சிலர் இருபது முறை.

அந்த இருபது முறைக்காரர்களில் அக்காவும் ஒருவர். "எந்தப் பக்கம் போனாலும் நம்ம கடைதானுங்க தம்பி வருது, நல்லாத்தான் ஓடுது போல" என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். கடையின் தளத்தில் பிக்ஸல் என்ற சிறு நிரல் இருக்கிறது. தளத்துக்கு வந்தவரை அது நினைவில் வைத்து, வெளியே போனதும் அவருக்கு மறுபடி விளம்பரம் காட்ட உதவும். இதுதான் ரீடார்கெட்டிங். கடைத் தளத்தைத் தினம் பலமுறை திறக்கிற அக்காவின் போன், வீட்டுக்காரரின் போன், பார்சல் கட்டுகிற பெண்ணின் போன் எல்லாம் அந்தப் பட்டியலில். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களையும் நீக்கவில்லை. ஒரு ஜமக்காளம் வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். போன வாரம் வாங்கியவரிடம் இந்த வாரமும் அதையே காட்டுவதற்குக் காசு கொடுப்பது ஏன்? வாங்கியவர்களையும் வீட்டுப் போன்களையும் விலக்கினோம்.

வீடியோ வியூ பற்றிச் சுருக்கமாக. மெட்டாவில் 3 நொடி ஓடினாலே ஒரு வியூவாகக் காட்டும் எண் இருக்கிறது. ரிப்போர்ட் எடுத்தது அதைத்தான். அக்காவின் தறி வீடியோவில் நாடா ஒரு பக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் 3 நொடி முடிந்துவிடும். 15 நொடி அல்லது முழுவதும் பார்த்தவர்களைச் சொல்லும் த்ரூபிளே என்ற எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கு யார் பேரில்

இவ்வளவையும் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அக்கா விளம்பரக் கணக்குக்குள் போகும் அனுமதியைக் கேட்டு வாங்கியதுதான். அதுவரை அவர் கையில் பிடிஎஃப் மட்டும். விளம்பரக் கணக்கும் பிக்ஸலும் ஏஜென்சி பேரில் இருந்தன. நாளைக்கு ஏஜென்சியை மாற்றினால் சேர்ந்த தகவல் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். இப்போது கடையின் பேரில் புதுக் கணக்கு, ஏஜென்சிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தறியையும் அச்சையும் அடுத்தவர் பேரில் எழுதி வைத்து யாரும் நெய்வதில்லை.

தை மாதம்

பிறகு வந்த தை மாதத்தில் விளம்பரச் செலவை 25,000க்குக் குறைத்தோம். கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு அதே ஏஜென்சியே 8,000க்கு ஒத்துக்கொண்டது. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு அனுப்பும் முன்னால் அக்கா வாட்சாப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார். திரும்பி வந்தது 8 பார்சல்தான். கைக்கு வந்த ஆர்டர் 85. மிச்சம் 59,500. விளம்பரம், ஏஜென்சி, திரும்பிய கூரியர் 1,600 எல்லாம் போக 24,900 ரூபாய் நின்றது.

இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு முந்தின மாதத்தையும் கல்யாண மாதத்தையும் அப்படியே ஒப்பிட முடியாது. தையில் ஜமக்காளத்துக்கு எப்போதும் கேட்பு உண்டு. இன்னொன்று, முதல் மாதத்தில் வாட்சாப்பில் இரண்டு கல்யாணப் பார்ட்டிகள் மொத்தமாக வாங்கியிருந்தார்கள். அது மேலே போட்ட கணக்கில் சேரவில்லை. அவர்கள் விளம்பரம் பார்த்து வந்தார்களா என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. விளம்பரம் பார்த்து வந்திருந்தால் அந்த மாத நட்டமே இல்லாமல் போயிருக்கலாம். இப்போது ஒவ்வொரு விளம்பரத்தின் இணைப்பிலும் யுடிஎம் என்ற வால் ஒட்டியிருக்கிறோம். எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்பதை அது தளத்தின் கணக்கில் பதியும். வாட்சாப்பிலும் போனிலும் வருகிறவர்களுக்கு அது பலிக்காது என்பதால், அக்காவின் நோட்டில் 'எங்க பார்த்தாங்க' என்று ஒரு கட்டம் புதிதாக ஏறியிருக்கிறது.

அடுத்து ஒரு சோதனை செய்யப்போகிறோம். வரும் மாதம் முழுவதும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் முகநூல் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, சேலத்திலும் மதுரையிலும் ஓட விடுவது. நோட்டில் ஊர் இருக்கிறது. நிறுத்திய ஊரில் ஆர்டர் எவ்வளவு குறைந்தது, ஓடிய ஊரில் எவ்வளவு நின்றது என்று இரண்டு மாதக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முகநூல் தன் பேரில் எழுதிக்கொள்ளும் ஆர்டரில் எத்தனை உண்மையிலேயே அதனால் வந்தது என்பது ஓரளவு தெரிந்துவிடும். கோவையில் விற்பனை குறையுமே என்று வீட்டுக்காரருக்குத் தயக்கம் இருந்தது. ஒரு மாதம்தானே, பார்த்துவிடுவோம் என்று அக்காதான் முடிவு செய்தார்.